பாதி வழியில் நிற்கும் லோடு

அன்புள்ள ஆந்தைக்கு,

குறட்டை எழுதிக்கொள்வது. நான் நலம், உன் வீட்டார் நலம், லாரி ஷெட்டில் உள்ளவர்களும் நலம். நம் வண்டிக்கு மட்டும் காலையில் கிளப்பும்போது கொஞ்சம் இருமல். டீசல் பில்டரில் அடைப்பு என்கிறான் மெக்கானிக். எனக்கென்னவோ அது உன்னைத் தேடி இருமுகிறது என்றுதான் படுகிறது.

போனில் கூப்பிட்டால் அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதை நடுவில் வைத்துவிட முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதானாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி. நான் படித்த படிப்புக்கு இவ்வளவு எழுதுவது மலையேற்றத்தில் முழு லோடு இழுக்கிற மாதிரி. பிழை திருத்தித் தருகிறேன் என்று உன் மகள் கேட்டாள், கொடுக்கவில்லை. அவள் பார்க்கக் கூடாத சங்கதி உள்ளே இருக்கிறது.

உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். புதுக் கால் நன்றாகப் பொருந்திவிட்டதாம். வராந்தாவின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தடி இல்லாமல் நடக்கிறாயாம். இனி வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். துரை அவர்கள் மட்டும் வரமாட்டேன் என்கிறீர்களாம். ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாயாம். கிளட்ச் மிதிக்க முடியாதவன் லாரிக்காரன் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது என்று கேட்டாயாம். நீ எப்போதடா முகத்தால் நடந்தாய்?

ராத்திரி முழுக்கக் கண் கொட்டாமல் உட்காருவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வேலை உனக்குக் கிடைத்துவிடும் என்பதுதான் என் பயமே.

அது ஒரு பக்கம் கிடக்கட்டும். உன் வீட்டில் ஒரு பெரிய ரிப்பேர் வேலை நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

உன் மகள் விளையாடுவாளே, அந்தக் கம்ப்யூட்டர்தான். புக்கிங் ஆபீசில் கழித்துப் போட்டதை நீ தோளில் தூக்கி வந்தது. அவள் அதில் லாரி ஓட்டும்போது பின்னால் நின்று, இப்படி ஒடிச்சா லோடு கவிழும்டி என்று நீ கத்துவாய். இப்போது புது லாரி விளையாட்டு ஒன்று வந்திருக்கிறதாம். ஸ்டீரிங், கியர், மூன்று பெடல் எல்லாம் வைத்து நிஜ வண்டி மாதிரியே ஓட்டலாம். அப்பா வந்ததும் இதில் ஓட்டட்டும் பெரியப்பா என்றாள். ஷெட்டில் எல்லோரும் சேர்ந்து ஸ்டீரிங் செட்டை வாங்கிவிட்டோம். எவ்வளவு ஆனது என்று கேட்டால் உதைப்பேன்.

ஆனால் அந்தக் கிழட்டு மிஷினில் படம் ஓடவில்லை. கல் கொட்டிய ரோட்டில் போகிற மாதிரி குதிக்கிறது, அப்படியே நின்றுவிடுகிறது. உள் சாமானை மாற்ற வேண்டும் என்றாள். நான் சும்மா இருப்பேனா? அவள் கல்லூரிக்குப் போன நேரம் பார்த்துக் கடைக்கு ஓடி, இருப்பதில் பெரியதாகப் பார்த்து வாங்கி வந்தேன். மூளையாம், பிராசசர் என்றார்கள். படம் காட்ட ஒரு கார்டு, செங்கல் கனம். ஞாபகசக்திக்கு ஒரு மெமரிக் குச்சி.

சாயங்காலம் வந்து பார்த்தவள் கேட்ட முதல் கேள்வி, நம்ம மதர்போர்டு எதுன்னு சொல்லித்தானே வாங்கினீங்க பெரியப்பா என்பது. அடியில் கிடக்கிற பலகை அது பாட்டுக்குக் கிடக்கட்டும், வண்டியில் இன்ஜினைத்தானே பார்ப்பார்கள் என்றேன். உன்னை மாதிரியே ஒரு கன்னத்தால் சிரித்தாள். நாளைக்குக் கடையில் மாற்றிக்கொள்ளலாம், அதுவரை யாரும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தொடாதே என்றால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? மறுநாள் அவள் கிளம்பியதும் மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிராசசர் அதன் குழியில் உட்காரவில்லை. அதோடு ஏதோ சண்டை போலிருக்கிறது, சரி, பழையதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அடுத்தது மெமரிக் குச்சி. அதன் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. பலகையில் இருக்கிற மேடு அந்த வெட்டுக்குள் போய் உட்கார வேண்டும். இங்கே வெட்டு ஒரு பக்கம், மேடு ஒரு பக்கம். நம் ஷெட்டில் பொருந்தாத சாமானுக்கு என்ன செய்வோம்? அதையேதான் செய்தான். அரத்தை எடுத்து, கண்ணை இடுக்கி, மேடு இருக்கும் இடத்துக்கு நேராகப் புதிதாக ஒரு வெட்டு ராவிவிட்டான். என்ன வழவழப்பு! ஊதிவிட்டு அழுத்தினான், டக்கென்று உட்கார்ந்தது. கம்பெனிக்காரனுக்கே அளவு தெரியவில்லை பாருங்க அண்ணே என்று பெருமையாக வேறு சொன்னான்.

சுவிட்சைப் போட்டோம். பட்டாசு கொளுத்தினால் வருமே, அந்த வாசனை. அப்புறம் அமைதி. குச்சியும் போனது, கூடவே பழைய பலகையும் போனது. அன்று முதல் அவனுக்கு அரம் என்று பெயர் வைத்தாயிற்று. டீக்கடைக்காரர்கூட, அரத்துக்கு ஒரு டீ என்றுதான் குரல் கொடுக்கிறார்.

உன் மகள் வந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்து நாங்கள் ரெண்டு பேரும் கதவோரமாக நின்றோம். கத்தவில்லை. அரம் ராவிய குச்சியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். அப்பா வர்றதுக்குள்ள ஓடணுமே பெரியப்பா என்றாள்.

இதுதான் அவள் பார்க்கக் கூடாது என்று சொன்ன சங்கதி. நீ வரமாட்டேன் என்று சொன்னது அவளுக்குத் தெரியாது. தங்கச்சியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் நீயே நேரில் வந்து சொல்லிக்கொள்.

மறுநாள் மூன்று பேரும் கடைக்குப் போனோம். அங்கே இருந்த பெண் ராவிய குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். கார்டு மட்டும் மாற்றுவதென்றால் பல நேரம் பழைய போர்டே போதுமாம். பிராசசரையும் மெமரியையும் மாற்றப் போனால் முதலில் போர்டைத்தான் பார்க்க வேண்டுமாம். எந்த மூளை உட்காரும், எந்தக் குச்சி ஏறும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறதாம். ஸ்டீரிங், பெடல் என்று வெளியே இருந்து சொருகுவதற்கு எத்தனை வாய் இருக்கும் என்பதும் அதைப் பொறுத்ததுதானாம். தப்பான குச்சியை யாரும் சொருகிவிடக் கூடாது என்றுதான் அந்த வெட்டையே வைத்திருக்கிறார்களாம். அரம் கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆக, நீ யாரிடமாவது சொல்வதானால் சொல்: மதர்போர்டு முக்கியம்தான். நான் சொன்னதாகச் சொல்லாதே, இங்கே ஒருவனும் நம்பமாட்டான்.

நான் வாங்கிய பிராசசருக்குப் பொருத்தமான போர்டும் வேறு மெமரியும் வாங்கி வந்து, உன் மகளே எல்லாவற்றையும் மாட்டினாள். எங்கள் வேலை டார்ச் பிடிப்பது மட்டும். முதல் சுவிட்சிலேயே படம் வந்தது. மழை பெய்கிறது, வைப்பர் ஓடுகிறது, ரோடு கண்ணாடி மாதிரி போகிறது. தங்கச்சி அடுப்பை அணைக்காமல் ஓடி வந்து பார்த்தாள்.

இனிமேல்தான் முக்கியம். கவனமாகப் படி. மூன்று பெடலில் இடது ஓரத்தில் இருப்பது கிளட்ச். அரம் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். மறுபடி அரமா என்று வாசல் வரை பின்னாலேயே ஓடினேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய ஹேண்ட்பிரேக் லிவர். கிளட்சை அதில் இணைத்துவிட்டான். பிடியைக் கை உறுத்தாமல் வழவழவென்று ராவியிருக்கிறான். நீ உட்காரும் இடத்தில் வலது கைக்கு எட்டும்படி மேசையில் முடுக்கிவிட்டான். சொருகியதும் புது போர்டு மறுபேச்சு பேசாமல் ஏற்றுக்கொண்டது. போன தடவை போர்டுக்காகக் குச்சியை ராவினேன், தப்பு, இந்தத் தடவை ஆளுக்காக லிவரை ராவினேன், இது சரியாத்தான் இருக்கும் அண்ணே என்றான். மடையன் எப்போதாவது இப்படிப் பேசி மனுஷனை மூக்கு உறிஞ்ச வைத்துவிடுகிறான்.

ஓட்டிப் பார்க்க முதலில் என்னை உட்கார வைத்தார்கள். கையால் கிளட்ச் பிடித்துப் பழக்கமில்லை, நாலு இடத்தில் வண்டி அணைந்துவிட்டது. ஒரு கம்பத்தை இடித்தேன், அந்த விளையாட்டே எனக்கு அபராதம் போட்டது. உன் மகள் பின்னால் நின்று, இப்படி ஒடிச்சா கவிழும் பெரியப்பா என்று கத்துகிறாள். ரத்தம் எங்கே போகும்? போகப் போக லிவர் கைக்குப் பழகிவிட்டது. எனக்கே வருகிறது என்றால் உனக்கு வராதா?

நம் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு. பாதி வழியில் ஓரம்கட்டி ஹாரனை ரெண்டு தட்டு தட்டுவேன். நீ பின் படுக்கையிலிருந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்து வருவாய். அதற்கப்புறம் ஊர் போய்ச் சேருகிற வரை என் குறட்டை. குழாய் லோடு உருண்டு உன் காலில் விழுந்த நாளுக்கு அப்புறம் எத்தனையோ பேர் என்னோடு மாற்றி ஓட்டிவிட்டார்கள். நல்ல ஓட்டுநர்கள்தான். ஆனால் அவர்கள் ஓட்டும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லையடா. குறட்டை என்ற பேர் எனக்கு இப்போது வெறும் பேர்தான்.

விளையாட்டில் நான் எடுத்தது நீண்ட தூர லோடு. பாதி வழி வந்ததும் வண்டியை ஓரம்கட்டி அப்படியே சேமித்து வைக்கச் சொல்லிவிட்டேன். மீதியை நான் ஓட்டட்டுமா என்று உன் மகள் கேட்டாள். அரமும் கேட்டான். ஒருத்தரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே யாரும் தொடவில்லை.

எந்த நாள் என்று ஒரு வரி எழுதிப் போடு. வண்டியோடு ஆஸ்பத்திரி கேட்டில் வந்து நிற்கிறேன். வாட்ச்மேன் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். நீ நல்லா இருப்பாய், நல்லா இரு.

லோடு பாதி வழியில் நிற்கிறது. ஹாரனை ரெண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறேன். எழுந்து வாடா.

இப்படிக்கு,
தூக்கம் வராத
குறட்டை