மேல் வீட்டிலிருந்து இறங்கிய வயர்

மினா,
திங்கட்கிழமை காலை

அன்பு மகள் சுஹாவுக்கு,

இன்று காலை எட்டு மணி நிலவரப்படி உன் அம்மா நஜ்லாவின் பெயர் ஆசிரியர் பட்டியலில் இன்னும் இருக்கிறது. நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து நானே பார்த்தேன், பிறகு அம்மாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள், ஆக இரண்டு சாட்சி. நானும் அம்மாவும் அதீபா அத்தையும் இறைவன் அருளால் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கால்கரியில் மைனஸ் இருபத்தாறு என்று படித்ததிலிருந்து அத்தை உன் காதுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள், தொப்பி போட்டுக்கொள். சனிக்கிழமை நடந்ததைப் பற்றி அத்தை உனக்குக் குரல் பதிவு அனுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் பெட்டி வெடித்தது என்று சொல்லியிருந்தால் அது தவறு. எதுவும் வெடிக்கவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அம்மாவின் ஆன்லைன் அரபு வகுப்பு டிசம்பரில் இரண்டு முறை பாதியில் அறுந்ததும், மூன்றாவது முறை அறுந்தால் பெயரை எடுத்துவிடுவோம் என்று நிறுவனம் எழுதியதும் உனக்குத் தெரியும். முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவளின் ஓய்வூதியம் இப்போது தெரு ஜெனரேட்டருக்குக் கட்டும் மாதச் சந்தாவுக்கே போதவில்லை, நீ பணம் அனுப்புகிறேன் என்றதையும் அவள் வேண்டாம் என்றுவிட்டாள், அவளுக்கு இந்த வேலை வேண்டும். அதனால் பதினான்கு நாள் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து, அரசு மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே எத்தனை நேரம் இருட்டு என்று குறித்தேன். குறைந்தது ஒன்பது வினாடி, அதிகம் பதினோரு நிமிடம். அந்த நோட்டோடு வாஹேயின் மின்சாதனக் கடைக்குப் போனேன். அவன் நோட்டைத் திறக்கக்கூட இல்லை. "உஸ்தாத், எவ்வளவு நேரம்கிறது அப்புறம். என்ன மாட்டப் போறீங்க?" என்றான். இரண்டு கம்ப்யூட்டர், இன்டர்நெட் பெட்டி, அவ்வளவுதான் என்றேன். "எல்லாரும் அவ்வளவுதான்னு சொல்லித்தான் வாங்கிட்டுப் போறாங்க. பத்து நாள்ல கெட்டிலை மாட்டிட்டு, பெட்டி சரியில்லைன்னு எங்கிட்டயே சண்டைக்கு வர்றாங்க" என்றான். வீடு முழுக்க ஓட்டும் பெரிய இன்வெர்ட்டர் வாங்கச் சொல்லி நீ எழுதியிருந்தாய், அதன் பேட்டரிகளை வைக்க உன் பழைய அறையைக் காலி செய்ய வேண்டும், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அறுநூறு வாட் தாங்கும் சின்ன யு.பி.எஸ். பெட்டி ஒன்றை வாங்கினேன். இரண்டு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் பெட்டியும் சேர்ந்து இருநூறைத் தாண்டாது, இருபது நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்று வாஹே எழுதியே கொடுத்தான். இதுவரை என் மேல் குற்றம் இல்லை.

குற்றம் மேசை விளக்கில் தொடங்குகிறது. அம்மாவின் அறை ஜன்னலோரம் இருக்கும் பச்சை விளக்கு உனக்கு ஞாபகம் இருக்கும். அது மாட்டியிருந்த பிளக்கில் அரசு மின்சாரம் மட்டும்தான் வரும், அதனால் ஆறு வருடமாக அந்த ஸ்விட்சை யாரும் அணைத்ததில்லை, விளக்கு எரிந்தால் அரசு கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். நமக்கு மட்டும் அல்ல, கட்டிடத்துக்கே. மேல் வீட்டு உம்மு முனீர் பால்கனியிலிருந்து அதைப் பார்த்துச் சத்தம் போடுவாள், ஆறு குடும்பமும் ஓடிப்போய் ஜெனரேட்டர் தாங்காத வாஷிங் மெஷினையும் வெந்நீர்த் தொட்டியையும் போடும். சனிக்கிழமை அம்மா தன் முகம் மாணவருக்கு இருட்டாகத் தெரிகிறது என்றாள். நான் அந்த விளக்கின் வயரைப் பிடுங்கி யு.பி.எஸ்.ஸில் மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வயரை இடம் மாற்றுவது செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு வகுப்பு. மாணவர் பெங்ட், ஸ்வீடனில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஐந்து ஏழுக்கு ஜெனரேட்டர் நின்றது, தெரு முழுக்க இருண்டது, நம் வீட்டில் பெட்டி பீப் பீப் என்றது, அம்மாவின் குரல் ஒரு எழுத்துக்கூட விடாமல் தொடர்ந்தது. நான் கூடத்தில் நின்று நேரத்தைக் குறித்துக்கொண்டேன், பெருமையாகத்தான் இருந்தது. ஐந்து எட்டுக்கு மேலிருந்து உம்மு முனீர் "கரண்ட் வந்துடுச்சு! அரசு கரண்ட்! நஜ்லா வீட்டு விளக்கு எரியுது, எழுந்திருங்க எல்லாரும்!" என்று கத்தினாள். கதவுகள் திறந்தன, எல்லா வீட்டிலும் ஜெனரேட்டரிலிருந்து அரசு லைனுக்கு மாற்றும் ஸ்விட்ச் படபடவென்று விழுந்தது. யாருக்கும் எதுவும் வரவில்லை. இந்த ஊரில் ஒரு ஃபேஸ் மட்டும் வருவது சகஜம், ஆகவே நம் வீட்டு ஃபேஸ் மட்டும் வந்திருக்கிறது என்று அரை நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அப்படி வந்தால் என்ன செய்வோம் என்பது நீ வளர்ந்த வீட்டில் நீ பார்த்ததுதான். உம்மு முனீர் காய்கறிக் கூடையைக் கயிற்றில் இறக்கினாள், அதில் எக்ஸ்டென்ஷன் வயரின் முனை. "அதீபாக்கா, புதன்கிழமையிலிருந்து துணி மெஷின்லயே ஊறுது, ஒரு அரை மணி நேரம், உங்க கையால மாட்டிவிடுங்க!" அத்தை வயரை வாங்கிக்கொண்டு, வகுப்புக்குத் தொந்தரவு வேண்டாம் என்று தவழ்ந்தே மேசைக்கடியில் போய், கண்ணில் பட்ட காலி ஓட்டையில் மாட்டினாள். அது யு.பி.எஸ்.ஸின் ஓட்டை. மேலே இரண்டாயிரம் வாட் மெஷின் தண்ணீரைச் சூடாக்கத் தொடங்கியது. பெட்டி ஒரே மூச்சாக அலறிவிட்டு அணைந்தது. நேரம் ஐந்து பத்து. மூன்றாவது முறை.

அம்மா அறையை விட்டு வெளியே வந்தாள். அத்தை மேசைக்கடியிலிருந்தபடியே "பக்கத்து வீட்டுக்காரி வயர் நீட்டினா முடியாதுன்னா சொல்வாங்க? அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறுவேன்?" என்றாள். "உங்க மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகலை அதீபா, என் வேலைதான் போச்சு" என்றாள் அம்மா. பிறகு என்னைத் தேடியிருக்கிறாள். மொட்டை மாடியில் கண்டுபிடித்தாள். இதை அத்தை உனக்கு எப்படியும் சொல்லியிருப்பாள், ஆகவே நானே எழுதுகிறேன். அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். "தண்ணி மோட்டார் போட வந்தேன், கரண்ட் வந்துடுச்சுன்னு கத்தினாங்களே" என்றேன். "எந்தக் கரண்ட்?" என்றாள். நாற்பது வருடம் பத்திரிகைக்காரனாகப் பிறரைக் கேள்வி கேட்டவன் நான். ஒரே ஆள் சொன்னதை நம்பாதே என்று எத்தனை இளம் நிருபர்களைத் திட்டியிருக்கிறேன், இந்த வதந்தி என் மேசையிலிருந்தே கிளம்பி, மாடிக்குப் போய், திரும்பி வந்து என்னையே ஓட வைத்தது.

பெட்டி பிழைத்துக்கொண்டது, பட்டனை அழுத்தியதும் எழுந்துவிட்டது. வாஹே வந்து பார்த்து, "கெட்டில்னு பயந்தேன், நீங்க மேல் வீட்டு மெஷினையே மாட்டிட்டீங்களே உஸ்தாத்" என்று உட்கார்ந்து சிரித்தான், காலி ஓட்டைகளைக் கறுப்பு டேப் ஒட்டி மூடினான். பச்சை விளக்கு பழைய பிளக்குக்கே போய்விட்டது, அம்மாவின் முகத்துக்கு ஒரு சார்ஜ் விளக்கு. வகுப்பு அறுந்ததற்கு ஞாயிற்றுக்கிழமை நிறுவனம் விளக்கம் கேட்டது. அதற்குள் பெங்ட் தாமாகவே அவர்களுக்கு எழுதியிருக்கிறார், நகலை அம்மா படித்துக் காட்டினாள். எட்டு மாதமாகக் காப்பி கேட்கவும் தேதி சொல்லவும் கற்றேன், சனிக்கிழமைதான் முதல் முறையாக மனிதர்கள் பேசிக் கேட்டேன், மேலே கத்திய அம்மையார் என்ன சொன்னார் என்பதை அடுத்த வகுப்பில் பாடமாக வேண்டுகிறேன் என்று இருந்தது. அம்மா அதை இரண்டு முறை படித்தாள். அத்தை உடனே, அப்படியானால் வயர் மாட்டியது நல்லதுக்குத்தான் என்றாள், அவளோடு அம்மா இன்னும் பேசவில்லை.

இனித் தெரிய வேண்டியது இவ்வளவு. வியாழன் மாலை ஐந்து மணி வகுப்பை மேற்பார்வையாளர் ஒருவர் கவனிப்பார், ஐம்பது நிமிடமும் அறாமல் நடந்தால் மூன்றாவது முறை அறுந்தது கணக்கிலிருந்து அழிக்கப்படும், முடிவு வெள்ளிக்கிழமை நண்பகல். பெட்டி தாங்கும் என்று வாஹே சொல்கிறான். உம்மு முனீர் நேற்று ஒரு தட்டு பேரீச்சம்பழ பிஸ்கட்டோடு வந்து அழுதாள், பிறகு, "அந்த நேரம் பார்த்து நிஜமாவே கரண்ட் வந்துட்டா? கத்தாம இருக்கச் சொல்றியா நஜ்லா, நெஞ்சு வெடிச்சிடாதா?" என்று கேட்டாள். ஆறு மணிக்குக் கத்திக்கொள் என்று அம்மா சொன்னாள். வியாழன் ஐந்து முதல் ஆறு வரை நீ தயவுசெய்து போன் செய்யாதே, நிறுவனத்துக்கும் எழுதாதே. நேரத்துக்குச் சாப்பிடு. எங்கள் இருவரின் ஆசியும் அத்தையின் முத்தங்களும் உனக்கு. உம்மு முனீர் அந்த ஒரு மணி நேரமும் வாய் திறக்க மாட்டேன் என்று தன் பேரப்பிள்ளைகள் மேல் சத்தியம் செய்திருக்கிறாள். இச்செய்தியை வேறு யாரும் உறுதி செய்யவில்லை.

உன் அப்பா,
வதீஃ