ஞானத்தின் ஞ

செப். 12, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். பத்து மணி வரை கரண்ட் இல்லை. சாத்தூரிலிருந்து ஞானத்தின் தங்கை, என் கொழுந்தியாள் விஜயா வந்தாள். அடுத்த மாதம் ஞானத்துக்கு முதல் திதி. வாங்க வேண்டியவை: வாழை இலை, எள், அவளுக்குப் பிடித்த சீவல். அழைப்பு அட்டை, நாங்கள் வரைந்த எழுத்திலேயே.

குழு வேலை: பழைய புத்தகத்து ஈய அச்செழுத்துகளை இலவச மென்பொருளில் கணினி எழுத்துருவாகத் திரும்ப வரைவது ஏறக்குறைய முடிந்தது. நான் சரிபார்க்க வேண்டியதில் ஞானம் வரைந்த ஞ மட்டும் பாக்கி. கோப்பைத் திறக்கக் கை வருவதில்லை.

மாலை கோமதி போன். சிவகாசி காலண்டர் அச்சகத்தில் டிசைனர், எங்கள் குழு. "சாப்பிட்டீகளா சார்?" இரண்டு தரம் கேட்டாள். பிறகு, "அந்த ஞ-வோட வால்ல ஒரு வெட்டு இருக்குல்ல சார், அது வடிவம் இல்ல போல. அதே எழுத்துல அடிச்ச இன்னொரு புஸ்தகம் கெடச்சிருக்கு. அதுல வெட்டே இல்ல."

"பார்க்கிறேன்மா" என்றேன்.

தன் பெயரின் எழுத்து, யாரும் தொடக் கூடாது என்று முதலிலேயே பிடித்துக்கொண்டவள் ஞானம். ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களில் வரைந்தாள். அந்த வெட்டைக் காட்டிச் சொல்வாள்: "இம்புட்டு எழுத்துல இதுக்கு மட்டுந்தான் இடுப்பு இருக்கு, பாருங்க."

செப். 13, சனி

இரண்டு ஸ்கேனையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கோமதி சொன்னது சரி. எங்கள் புத்தகத்தில் ஞ வருவதே அபூர்வம். ஒரே ஈயத் துண்டை எல்லாப் பக்கத்துக்கும் கோத்திருக்கிறார்கள். உடைந்த துண்டு. இடுப்பு இல்லை, உடைப்பு.

விஜயா: "உடைஞ்சா என்ன மச்சான்? அக்கா போட்டது இருந்துட்டுப் போகட்டும். எவன் வந்து அளக்கப் போறான்?"

ஞானம் அளப்பாள். அச்சில் இல்லாத ஒரு வளைவு போட்டாலும் குழுவில் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். என்னையும்தான்.

செப். 15, திங்கள்

கோமதி: "வேண்டாம்னா விட்டுருவோம் சார். குழுவுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"மாற்றிவிடும்மா."

மெஷின் சத்தத்துக்கு நடுவே, "சீசன் சார், லோடு ஏறுது" என்று வைத்துவிட்டாள்.

ராத்திரி, அவள் திருத்தி அனுப்பிய ஞ-வுக்குச் சரிபார்ப்புக் குறிப்பு எழுதினேன்: 'மூலத்துடன் ஒத்துள்ளது. ஏற்கலாம்.' அடித்து, அழித்து, மறுபடி அதையே.

செப். 18, வியாழன்

தூறல். மண் நனையவில்லை. அழைப்பு அட்டையின் மாதிரியைக் கோமதி பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தாள்.

விஜயா தடவித் தடவிப் பார்த்தாள். "அக்கா பேரு எம்புட்டு லட்சணமா இருக்கு!"

லட்சணமாகத்தான் இருக்கிறது. வால் முழுசு, ஒரு குறை இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன்.

யாரோ ஒரு பெண்ணின் பெயர்.