காப்புக் கட்டிய கை

கட்டுநாயக்க
18.07.2024

அன்புள்ள அத்தான்,

நான் சுகம். நீங்களும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறீர்கள், சொன்ன கையோடு வைத்தும் விடுகிறீர்கள். அதனால்தான் கார்மென்ட்ஸ் விடுதியிலிருந்து கடிதம். வலது கை நீலம் பாய்ந்து வீங்கி, கடலில் கரைவலை இழுக்கப் போகாமல் வீட்டில் இருக்கிறீர்களாமே. உங்கள் தங்கச்சி சுலக்ஷனா சொன்னாள். கொழும்புக் கிளினிக்கில் என்ன சொன்னார்கள்? ஒளிக்காமல் எழுதுங்கள்.

உங்கள் நிலக்ஷி


உடப்பு
22.07.2024

அன்பின் நிலா,

தங்கச்சியின் வாய்க்குப் பூட்டுத்தான் போட வேண்டும். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் இரத்தக் குழாய் நசுங்கி, உள்ளே இரத்தம் கட்டிப்போயிற்றாம். இப்போதைக்கு மருந்து தந்திருக்கிறார்கள். ஓகஸ்ட் 2ஆம் திகதி அந்த விலா எலும்பை வெட்டி எடுக்க வேண்டுமாம். நுரையீரலில் ஓட்டை விழலாம், இரத்தம் அதிகமாகப் போகலாம், நரம்பில் பட்டால் கை விளங்காமல் போகலாம் என்று டொக்டர் ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார். நீ பயப்படாதே.

ஆனால் அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டேன். தீமிதிப்பு முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது என்று உனக்குத் தெரியும். ஆகவே அந்தத் திகதி சரிவராது.

கேதீஸ்வரன்


கட்டுநாயக்க
26.07.2024

அத்தான்,

கலியாணம் கட்டி ஒன்பது வருஷம். ஒருநாளும் காப்புக் கட்டாத மனுஷன், வெட்டுக்குத் திகதி கிடைத்த பிறகு கட்டியிருக்கிறீர்கள். அம்மனை ஏன் சாட்டுக்கு இழுக்கிறீர்கள்? இங்கே மருந்து கொடுக்கிற மிஸ்ஸிடம் கேட்டேன். அந்த இரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்தாம். எனக்கு மெஷினில் கை ஓடவில்லை. நீங்கள் இல்லாத வீட்டுக்கு நான் எதற்கு வர? கோபத்தில்தான் எழுதுகிறேன், பயத்திலும்தான்.

நிலக்ஷி


கொழும்பு, ஆஸ்பத்திரி
01.08.2024

அன்பின் நிலா,

நீ எழுதியது சரி. வெட்டுக்குப் பயந்துதான் கட்டினேன். நேற்றுப் பூசாரியிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு கேள்வியும் கேளாமல் அவிழ்த்துவிட்டார். இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். எல்லை தாண்டும்போது பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒப்புதல் தாளில் கையெழுத்து வைத்தாயிற்று. நாளைக் காலை எட்டு மணிக்குக் கொண்டுபோவார்கள். பக்கத்துக் கட்டில்காரரின் மகள் யூஜீனியா நீர்கொழும்புக்குத் திரும்புகிறாள், போகிற வழியில் இதை இன்றைக்கே உன் விடுதியில் தருவதாகச் சொன்னாள். போனில் என்றால் இதுவும் எனக்கு வாயில் வராது.

எனக்குப் பயமாக இருக்கிறது, நிலா. லீவு தராவிட்டாலும் வா.

கேதீஸ்வரன்