அப்பா வாயைத் திறந்தார்

புதுக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி பிரசாந்துக்கு,

அக்கா பரிமளா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் செலினும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே டூட்டி இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

ஆடியில் பக்கவாதம் வந்து அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது உனக்குத் தெரியும். விழுங்குவதும் சரியாக இல்லை என்பதைச் சொல்லவில்லை. கஞ்சி பாதி கன்னத்திலேயே தங்கிவிடும். இரண்டு தடவை காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, அரிமளத்து வீட்டிலிருந்து இங்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தோம். இரண்டாம் தடவை பெரிய டாக்டர் வாயைப் பார்த்துவிட்டுப் பல் டாக்டரிடம் அனுப்பினார்.

அவர் பெயர் அருணா. சின்ன வயசுதான். டார்ச் அடித்துக் காட்டினார். பல்லிலும் நாக்கிலும் மஞ்சளாக, வழவழவென்று ஒரு படலம். கிருமிகள் தாமே பசை போட்டுக் கட்டிக்கொண்ட வீடாம் அது. "எச்சிலோட அது நுரையீரலுக்குள்ள எறங்குதும்மா, காய்ச்சல் அதனாலதான் வருது" என்றார். வெறும் தண்ணீருக்கு அது அசையாது. சாதாரண பேஸ்ட் போட்டால் நுரை புரையேறிவிடும். அதனால் ஒரு ஜெல் கொடுத்தார். அதிலுள்ள என்சைம் அந்தப் பசையை அறுக்குமாம். கூடவே நுரைக்காத சோப்பு மாதிரி ஒன்று இருக்கிறது, அறுந்ததை இளக்கிக் கிளப்புவதற்கு. ஆனாலும் மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் வழித்தெடுத்தால்தான் வெளியே வரும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அப்பா வாயைத் திறந்தால்தானே! பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஒரு நாள் வலுக்கட்டாயமாகத் திறக்கப் போய், என் விரலைக் கடித்துவிட்டார். ஆத்திரத்தில் பிரஷ்ஷை வீசிவிட்டுக் கத்தினேன். அவர் இடது கையால் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். குழறலில் இரண்டே வார்த்தை புரிந்தது. "நாறுது தாயி."

தம்பி, போன மாதம் நீ வீடியோவில் வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாரே, நினைவிருக்கிறதா? ஆவூர் மாதா கோயிலில் செலினோடு நடந்த உன் கல்யாணத்தை அவர் இன்னும் மன்னிக்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது இல்லை, அவர் உன் முன்னால் வாயைத் திறக்க வெட்கப்பட்டிருக்கிறார். கிராம்பு மெல்லாமல் பஸ்ஸில் ஏறாத கண்டக்டர் அவர். போனில் நாற்றம் தெரியாது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒங்க வாய் நாறலப்பா, அந்தக் கிருமிதான் நாறுது. வெரட்டிப்புடுவோம்" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லத் திறந்தார். படலம் கொழகொழவென்று துணியில் வந்தது. சில இடத்தில் ரத்தம் கசிந்தது, அவர் முனகவில்லை. தினமும் செய்யச் செய்ய நாக்கு சிவந்தது. துண்டை எடுத்துப் பொத்துவதும் நின்றது.

இனிப் பயமில்லை என்றிருந்தேன். நேற்று மறுபடி காய்ச்சல். முன்பே இறங்கிய கிருமியால் வந்த புண் இன்னும் நெஞ்சில் ஆறாமல் இருக்கிறதாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பெரிய டாக்டர், "பையன் எங்கே இருக்காரு, லீவு கிடைக்குமா?" என்று விசாரித்தார். எதற்குக் கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

இன்று காலை வாய் துடைத்து முடித்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி வருவானா?" என்றார். மூச்சு வாங்கிவிட்டு, "அந்த ஆவூர்ப் புள்ளையும் வருமா?" என்றார்.

இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். உன் அக்காவைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே, தம்பி.

வழி பார்த்திருக்கும்,
பரிமளா