வாலோடு பிறந்தவளின் பிள்ளை

தவளைக்காரரே,

இன்று காலை, பிறந்த பேரனின் நாக்கில் சேனை தொட்டு வைக்கத் தேன் எடுத்தேன். நீங்கள் விட்டுப்போன கண்ணாடிக் குடுவையில்தான் தேன் இருக்கிறது. எத்தனை முறை கழுவியும், நீங்கள் தவளை ஊறப்போட்ட ஸ்பிரிட் வாடை போகவில்லை. பிள்ளை முகத்தைச் சுளித்தான். வந்தவுடனே உங்களை மோந்துவிட்டான் பாருங்கள்.

காலேஜுக்குத் தவளை பிடிக்கப் பேளுக்குறிச்சியிலிருந்து நடந்தே மலையேறி வருவீர்கள். காலில் அட்டை ஏறினால் குதிப்பீர்கள். "தவளை தோத்துருச்சுங்க" என்று சிரிப்பேன்.

ஒரு தடவை மட்டும் சிரிக்கவில்லை. அப்போது என் மகள் பிறந்திருந்தாள். முதுகுக்கு அடியில் அவரைப் பிஞ்சு போல ஒரு வால். பிள்ளைத்தாய்ச்சி வீட்டு ஆம்பளை எந்த உயிரையும் அடிக்கக்கூடாது என்பார்கள். நானோ பலா தின்ன வந்த குரங்கைக் கவண்கல்லால் அடித்திருந்தேன். "கொரங்கு சாபம். உம்புள்ளைய நீயே வெச்சுக்க" என்று என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பாலில்லாமல் குழந்தை கத்திக் கத்தி ஓய்ந்துகொண்டிருந்தது.

நீங்கள் குழந்தையைப் பார்த்தீர்கள். பிறகு, அடைகாத்த கோழியை நகர்த்தி ஒரு முட்டையை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் உடைத்து, பூதக்கண்ணாடியை என் மனைவி கையில் கொடுத்தீர்கள்.

"பாரு கண்ணு. துடிக்குதே, அது நெஞ்சு. மீனுக்குச் செவுள் வர்ற எடத்துல மடிப்பு. பின்னால வால்."

"கோழிக்கு இருந்துட்டுப் போவுது. எம்புள்ளைக்கு எதுக்குங்க?" என்றாள்.

"வயித்துல நீயும் இப்படித்தான், நானும் இப்படித்தான். மீனு, கோழி, மனுசன், எல்லாம் ஒரே பாட்டன் வழி. அதான் ஆரம்பத்துல ஒண்ணாட்டக் கெளம்பறோம், அப்புறம் அவங்கவங்க வழி. நமக்கு வாலு உள்ளயே கரைஞ்சுரும். இவளுக்குக் கொஞ்சம் தங்கிருச்சு. சாபமில்ல."

எனக்கு வாய் நிற்குமா? "அப்போ கோழி பங்காளிங்களா? கொழம்பு வெச்சா தீட்டுங்களா?"

"கொழம்ப வையி, தின்னுட்டுச் சொல்லறேன்."

அவள் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. அந்தச் சிவப்புப் புள்ளி துடிப்பு நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குழந்தையை எடுத்து மாரில் போட்டுக்கொண்டாள்.

உலகச் சண்டைக் காலத்தில் சேந்தமங்கலத்துக்கு மிளகு கொண்டுபோனபோதுதான் நீங்கள் போய்ச்சேர்ந்துவிட்ட சேதி தெரிந்தது. தலைச்சுமையை இறக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

இப்போதும் யார் வீட்டுப் பிள்ளையைக் கையில் வாங்கினாலும் என் விரல் முதலில் முதுகுக்கு அடியில்தான் போகிறது. பெண்கள் ஏசுகிறார்கள். பேரனையும் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. சந்தோசப்பட வேண்டியதுதானே? எனக்கென்னவோ ஏமாற்றமாகத்தான் இருந்தது. துளி வால் இருந்திருந்தாலும், உங்களைக் கூப்பிட எனக்கொரு சாக்கு கிடைத்திருக்கும்.