மேலே ஏறிய நான்கு

இன்று மதியம் ஆசிரியர் அறையில் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். காலையில் வகுப்பில் நான் வாய்விட்டுச் சொன்ன கேள்வி: இரண்டிலிருந்து நான்கில் மூன்றைக் கழி. ஒருத்தி 2 − 4/3 = 2/3 என்று எழுதியிருந்தாள். தப்புப் போட முதல் சாய்கோட்டை இழுத்துவிட்டேன். இரண்டாவது கோட்டுக்குக் கை போகவில்லை. நீ நினைவில் வந்துவிட்டாய்.

பல வருடங்களுக்கு முன், சுவருக்கு அந்தப் பக்கம் உன் வகுப்பு, இந்தப் பக்கம் என் வகுப்பு. அந்த வருடம் மலாய்ப் பள்ளியிலிருந்து ஒரு லோரி ஓட்டுநரின் மகள் மாறி வந்திருந்தாள். பின்னக் கணக்கு பத்தும் தப்பு. படிப்பில் பின்தங்கியவர்களுக்கான குறைநீக்கல் வகுப்புப் பட்டியலில் அவள் பெயரை எழுதி, அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். என் மேசையில் பிஸ்கட் எடுக்க வந்த நீ அவள் நோட்டைப் புரட்டி, இதே போன்ற கணக்கில், இதே விடையில் விரல் வைத்தாய்.

"ஏய் டிகிரி, இதுல எது தப்பு?" நான் பட்டம் படித்ததால் நீ அப்படித்தான் கூப்பிடுவாய்.

"பூராவும்தான். ஒண்ணேகால் வரணும்."

"ரெண்டையும் மூணு மூணா உடைச்சா ஆறு துண்டு. ஆறுல நாலு போனா ரெண்டு. சரியாத்தானே கழிச்சிருக்கு?"

அவளைக் கூப்பிட்டு, அவள் எழுதிய 4/3-ஐக் காட்டினாய். "இதை வாசிம்மா."

"நான்கில் மூன்று, டீச்சர்."

அவளை அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினாய். "மலாய்ல தீகா பெர் எம்பாட், அதாவது மூணு, கீழ நாலு. மொதல்ல சொல்ற நம்பர் மேல போகும். தமிழ்ல நாம கீழருந்து சொல்றோம்லா. அதை யாரு அந்தப் புள்ளைக்குச் சொன்னா? போ, பட்டியல்லருந்து பேரை எடுத்துட்டு வா."

"எல்லாருக்கும் அப்படித்தானே சொல்லித் தர்றோம்? ரெண்டு வாரம் பார்ப்போம்" என்றேன்.

கொடுத்த பட்டியலைத் திரும்பக் கேட்க எனக்குக் கூச்சம். இரண்டு வாரம் இரண்டு மாதமானது. கிளேபாங் கடற்கரையில் இளநீர் வாங்கக் காரை நிறுத்தியபோது, "அவளை வெளிய எடுத்தியா?" என்றாய். "எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தேன். நீ மறுபடி கேட்கவில்லை. அவள் அந்த வருடம் முழுக்கக் குறைநீக்கல் அறையில் கோத்த மணிகளை இருபதுவரை எண்ணினாள். அடுத்த வருடம் மலாய்ப் பள்ளிக்கே திரும்பிவிட்டாள்.

போன வருடம் உன் வீட்டில், உன் உடலருகே, எல்லாரும் உன் பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளைகள்மேல் நீ அவ்வளவு பொறுமைக்காரி இல்லை. என்னிடம்தான் பொறுத்தாய்.

இன்றைய பெண்ணும் மலாய்ப் பள்ளியிலிருந்து வந்தவள்தான். அவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். "நான்கில் மூன்று" என்றாள், தயங்காமல்.

அவள் பெயரும் பட்டியலில் இருக்கிறது. நேற்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே கை, அதே அவசரம். அசதியாக இருக்கிறது. திருத்த இன்னும் பதினொரு நோட்டுகள் இருக்கின்றன. முட்டி வலிக்கிறது. அலுவலகம் இரண்டு மாடி கீழே.

"இதுல எது தப்பு?" என்ற உன் கேள்வியை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். பட்டியல் அனுப்பப்படுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.