கோதண்டபாணியின் காலை நடை

மந்தைவெளி
12.1.2025

அன்புள்ள பாஷா அண்ணாவுக்கு,

சுலோச்சனா எழுதுகிறேன். ஆம்பூர் காற்று உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? ஆயத் அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்வாள், ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. போனிலேயே பேசலாமென்றால், இவர் பக்கத்தில் வந்து நின்று, "யார்கிட்ட என்னைப் பத்திச் சொல்லிட்டிருக்க?" என்று கோபப்படுகிறார்.

நீங்கள் மகள் வீட்டுக்குப் போன பிறகு இவருக்கு மறதி கூடிவிட்டது. விடிவதற்குள் ஷூவை மாட்டிக்கொண்டு கச்சேரி ரோட்டில் உங்கள் பழைய வீட்டு வாசலில் போய் நிற்கிறார். "பாய், நேரமாச்சு" என்று கூப்பிடுகிறார். இப்போது அங்கே குடியிருப்பவர்கள் நல்ல மாதிரி. இருந்தாலும் எவ்வளவு நாள் பொறுப்பார்கள்? கூடவே போகலாமென்றால் என் முழங்கால் தெருமுனையைத் தாண்டாது.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இப்படி ஒரு இதயமா? நடைதான் காப்பாத்தியிருக்கு, விட்டுடாதீங்க" என்றார். மறதிக்கு மட்டும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாமாம். என்ன செய்வதென்று தெரியவில்லை அண்ணா.

உங்கள் தங்கை,
சுலோச்சனா


ஆம்பூர்
21.1.2025

அன்புத் தங்கை சுலோச்சனாவுக்கு,

பாஷாவின் சலாம். கடிதம் படித்ததிலிருந்து மனம் அங்கேயே இருக்கிறது.

எனக்குச் சர்க்கரை வந்தபோது வீட்டிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு போய் நடக்க வைத்தவர் அவர். மழையென்றாலும் விடமாட்டார். "உட்கார்ந்தா துருப்பிடிச்சிடும் பாய்" என்பார். இன்று நான் எழுந்து நடமாடுகிறேன் என்றால் அவரால்தான்.

அவரை நடக்க விடுங்கள். கால் ஓய்ந்தால் மனிதரே ஓய்ந்துவிடுவார். சட்டைப் பையில் விலாசமும் போன் நம்பரும் எழுதி வையுங்கள். எல்லாம் சரியாகும்.

அன்புடன்,
அக்பர் பாஷா


மந்தைவெளி
4.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னபடிதான் விட்டேன். போன வாரம் காலையில் போனவர் மதியமாகியும் திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் நான் அழுதுகொண்டிருந்தபோது போன் வந்தது. சைதாப்பேட்டைப் பாலத்தில் பார்த்த ஒரு ஆட்டோக்காரர், பையிலிருந்த சீட்டைப் படித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். "பெர்சு இன்னா வேகம் நடக்குதும்மா. ஏறு ஏறுன்னு கெஞ்சிக்கினே பின்னாடி வந்தேன்" என்றார். காலைக் கழுவிவிட்டேன். குதிகால் இரண்டும் தோலுரிந்து ரத்தம்.

அன்றிலிருந்து கேட்டைப் பூட்டி வைக்கிறேன். எங்கள் பையன் சித்தார்த்தன் புனேயிலிருந்து ஒரு டிரெட்மில் வாங்கி அனுப்பினான். ஏறி நின்று பார்த்துவிட்டு, "இதுல எங்க போறது?" என்று இறங்கிவிட்டார். கேட்டைப் பிடித்து ஆட்டுகிறார். "திறம்மா, தெரியாம வந்துட்டேன்" என்று யாரோ வீட்டுக்காரியிடம் கேட்பது போல என்னிடம் கெஞ்சுகிறார்.

உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னாரே, அது இன்னும் எத்தனை வருடத்துக்கு என்று நினைக்கும்போது, நினைக்கக் கூடாததெல்லாம் மனதில் வருகிறது. இதை வேறு யாரிடம் சொல்வேன்.

சுலோச்சனா


ஆம்பூர்
10.3.2025

தங்கைக்கு,

மனம் பொறுக்கவில்லை. அவரைப் பூட்டி வைக்காதீர்கள். அடுத்த வாரம் நான் வருகிறேன். பழையபடி என்னோடு ஒரு நடை போய் வந்தால் தெளிந்துவிடுவார்.

பாஷா


ஆம்பூர்
23.3.2025

அன்புத் தங்கைக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயை ஆயத் யாருக்கும் தராமல் ஒளித்து வைத்திருக்கிறாள்.

அன்று காலை திரும்பி வந்ததும், "நடை எப்படி?" என்று கேட்டீர்கள். நன்றாக இருந்தது என்றேன். உங்கள் முகத்தைப் பார்த்து வேறு சொல்ல முடியவில்லை.

கேட்டைத் தாண்டியதுமே முன்னால் போய்விட்டார். என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. கூப்பிட்டேன், திரும்பவில்லை. கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, வண்டிகள் வந்துகொண்டிருக்கும்போதே ரோட்டில் இறங்கிவிட்டார். பஸ் கிறீச்சென்று நின்றது. டிரைவர் திட்டிய திட்டு என் காதில் விழுந்தது, அவருக்கு விழவில்லை. மூச்சு வாங்க ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பிடியை மெதுவாக விலக்கிவிட்டு மரியாதையாகச் சொன்னார்: "விடுங்க சார். பாஷா பாய் காத்திட்டிருப்பார், நான் போகணும்."

"நான்தான்யா பாஷா" என்றேன்.

மேலும் கீழும் என்னைப் பார்த்தார். "இல்ல சார். பாய் என்னைவிட வேகமா நடப்பார்."

பிறகு ஒரு ஆட்டோவைப் பிடித்து, பாய் வீட்டுக்குத்தான் போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்து வந்தேன்.

கேட்டைப் பூட்டுங்கள் என்று எழுதக் கை வரவில்லை. திறந்து விடுங்கள் என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

பாஷா